பதினேழாம் எபிசோடின் கதவு

நெய்தல்-7 விண்வெளி நிலையம்
குமணன்சாவடி தாண்டி, மூடிப்போன அரிசி மில்லுக்குள் இருக்கிறது.
சுவர் தெர்மாகோல். நட்சத்திரம்
ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கிய சீரியல் பல்பு.
கதவு ப்ளைவுட், மேலே அலுமினிய பெயின்ட்.
தானாகத் திறக்கிறது என்று நீங்கள் நம்பும் அந்தக் கதவை
பின்னால் குந்தியிருந்து கயிற்றால் இழுப்பவன் நான்.
பேர் தேசிங்கு. கடைசியில் ஓடும் பெயர்களில் தேடாதீர்கள்.

பதினாறு வாரம் நல்லவராக இருந்தார் கமாண்டர் வளவன்.
பதினேழில் அவருடைய பழசைத் தோண்டினார்கள்.
வேறொரு காலத்தில், வேறொரு கப்பலில்,
தீப்பிடித்த பகுதியில் நாற்பத்தாறு பேரை விட்டுவிட்டு
கதவைச் சாத்தியிருக்கிறார்.
நாற்பத்தாறு பேருக்கும் பேர் வைத்து
தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்தாள் உதவி இயக்குநர் பெண்.
ஒருத்தர் பேரும் விட்டுப்போகக் கூடாதாம்.
வாங்கிப் பார்த்தேன். எல்லாம் நல்ல பேர்.

முதல் டேக்.
வளவன் பொத்தானை அழுத்தினார். நான் இழுத்தேன்.
கட், என்றார் ஜெயசீலி மேடம்.
"அண்ணே, ரொம்ப வேகம்.
பாதியில ஒரு நொடி நிக்கணும். கதவு தயங்கணும்.
அவரோட குற்ற உணர்ச்சியே அதுலதான் இருக்கு."

கதவு தயங்காது மேடம்
என்று நான் சொல்லவில்லை.

மாதவரத்தில் ஷட்டர் தயங்கவில்லை.
எண்ணெய் விட்டிருந்தேன், நானே, அந்த வாரம்தான்.
பெயின்ட் குடோன். பின்பக்கம் புகை.
முதலாளி தெருவில் நின்று கத்தினார்:
இழுத்து வுடுறா, காத்து பூந்தா மொத்தமும் பூடும்.
இழுத்து விட்டேன்.
உள்ளே ஆள் இல்லை என்றார். இல்லை என்று நானும் நினைத்தேன்.
நினைத்தேனா என்பது மட்டும்
பதினொரு வருஷமாக எடிட்டிங்கில் கிடக்கிறது.
மத்தியானத்தில் மூட்டைக்குப் பின்னால் தூங்குவான் ஒரு பையன்,
எங்கிருந்தோ ரயிலேறி வந்தவன்.
சோட்டு என்போம். எல்லா குடோனிலும் ஒரு சோட்டு உண்டு.
அவன் அம்மா கூப்பிட்ட பேர்
எந்தத் தாளிலும் அச்சாகவில்லை.

ஏழாவது டேக்கில் கயிறு நின்றது.
நான் நிறுத்தவில்லை. கை நின்றது.
கேட்டது ஒரு நொடி, ஆனது நாலு.
இடுக்கு வழியே வளவனின் முகம் தெரிந்தது,
பவுடர் வழிய, நிஜமாகவே பயந்துபோய்.
கதவு சிக்கிக்கொண்டது என்று பயந்திருப்பார், பாவம்.
பிறகு இழுத்தேன்.
மேடம் கைதட்டினார். மில் முழுக்கக் கைதட்டியது.
வளவனுக்கு இளநீர் வந்தது.

ஞாயிறு ராத்திரி எண்ணூரில் எங்கள் வீட்டில் ஓடியது.
என் கயிற்றின் கிறீச்சை எடுத்துவிட்டு
சாலிகிராமத்தில் யாரோ 'ஷ்ஷ்க்' என்று சேர்த்திருந்தார்கள்.
வாய்ச்சோற்றை மெல்லாமல் பார்த்தாள் பவுனு.
"பாவி அவன். ஆனா பாரேன், கதவுக்கே மனசு வரல."
மீன்முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தேன்.

இன்றைக்குப் பதினெட்டு.
பார்த்தவர்கள் அழுதுவிட்டார்களாம். சேனலில் சொல்லிவிட்டார்களாம்.
நாற்பத்தாறு பேரும் சாகவில்லை.
தீக்கு அந்தப் பக்கம் இன்னொரு கப்பல் வந்து
ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.
வளவன் கதவெதிரில் போய் நிற்பார், அது திறக்கும்,
ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.
வளசரவாக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்கியாயிற்று,
தலைக்கு ஐநூறு, மதியம் பிரிஞ்சி.
முகத்தில் கரி பூசி வரிசையாக நிற்கிறார்கள்
என் பக்கத்தில், கதவுக்குப் பின்னால், இருட்டில்.
சும்மா எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்தேழு.

கடைசியில் நிற்பவன் வேன் க்ளீனர். பிரிஞ்சிக்காக வந்தவன்.
யாரோ அவனுக்கும் கரி பூசிவிட்டிருக்கிறார்கள்.
பேர் கேட்டேன்.
சொன்னான், முழுசாக, அப்பா பேரோடு.

திறக்கிற கயிறு இடது பக்கம்.
மேடம் ஆக்‌ஷன் சொல்வதற்குள்
கை முந்திவிட்டது.